முப்பது சீட்டும் டைப்பக்காவும்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழித் துறைக்கு மூன்று அறைகள், அரை அலமாரி, ஒரு தட்டச்சுப்பொறி. அரை அலமாரி எப்படி என்று கேட்பீர்கள். மேல்பாதி எங்களுடையது. கீழ்ப்பாதியில் பக்கத்துப் புள்ளியியல் துறை தன் பழைய விடைத்தாள்களைத் திணித்து வைத்திருந்தது. அதைக் காலி செய்யச் சொல்லி எழுதிய கடிதங்கள் மேல்பாதியை அடைத்துக்கொண்டிருந்தன. தட்டச்சுப்பொறி மட்டும் முழுசாக எங்களுக்கே சொந்தம். ரஷ்ய எழுத்துகள் பதித்த அந்த யானைக்குட்டியை நாலு ஆட்கள் மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்தார்களாம். அதில் ஒருவருக்கு அன்று சுளுக்கிய கழுத்து அதற்குப் பிறகு இடப்பக்கம் மட்டுமே பார்த்தது என்பது நான் கேள்விப்பட்டது. நான் கேள்விப்பட்டதை அப்படியே சொல்கிறேன், கூடக் கொஞ்சம் இருந்தால் அது சொன்னவர்களின் பங்கு.

அந்த இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவள் ஒருத்திதான். அவளை நாங்கள் டைப்பக்கா என்று கூப்பிடுவோம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அக்காவை அதன் முன்னால் உட்கார வைத்து, "பழகிக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் துறைத்தலைவர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கம்பளி சார். வாலிபத்தில் ரஷ்யாவில் ஆறு வருஷம் படித்தவர். அங்கே புகுந்த குளிர் உடம்பைவிட்டு இன்னும் இறங்கவில்லை என்று சொல்லி, தார்ச்சாலை உருகுகிற வெயிலிலும் பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். அவர் கையெழுத்தை அவராலேயே மறுநாள் படிக்க முடியாது. அக்கா படிப்பாள். படிப்பாள் என்றால், ஒவ்வொரு சுழியும் எந்த விசைக்குப் போகும் என்று தெரிந்துவைத்திருந்தாள். அர்த்தம் ஒரு சொல்லுக்கும் தெரியாது. அவள் வேகமெடுத்தால் கீழ்மாடி மேசைகளில் கண்ணாடி டம்ளர்கள் விளிம்பு நோக்கி நடக்கும்.

"ஏன்க்கா, ஒரு வார்த்தை புரியாம எப்படிக்கா பக்கம் பக்கமா அடிக்கிற?" என்று, நான் அந்தத் துறையில் சேர்ந்த புதிதில் ஒருமுறை கேட்டேன்.

"பூட்டுக்கடைக்காரர் சாவி வெட்டித் தர்றாரே, அந்த வீட்டுக்குள்ள யார் இருக்காங்கன்னு அவருக்குத் தெரியுமா? போடி."

பதினான்கு வருஷம் அப்படியே ஓடியது. வினாத்தாள், பாடக்குறிப்பு, மாதத்துக்கு ஒருமுறை கம்பளி சார் தன் பழைய அறைத்தோழருக்கு எழுதும் கடிதம். கடிதத்தின் கார்பன் நகலை ஒரு கோப்பில் குத்தி வைப்பாள். காலை பதினொரு மணிக்கு சாருக்கு ஒரு தேநீர் போட்டுக் கொண்டுபோய் வைப்பாள். அது வேலை விதிகளில் கிடையாது. முதல் வாரம் ஒருநாள் அவர் இருமியதைப் பார்த்துப் போட ஆரம்பித்தவள், நிறுத்த மறந்துவிட்டாள்.

பதினைந்தாம் வருஷம், நான் சேர்வதற்கு முன்பு, அந்த அறைத்தோழரே நேரில் வந்தாராம். கதவை நிறைத்துக்கொண்டு நிற்கிற உருவம், வெள்ளைத் தாடி. கம்பளி சார் அக்காவைக் காட்டி ஏதோ சொன்னார். வந்தவர் விடுவிடுவென்று போய் அக்காவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பேசினார். பேசினார், பேசினார், மேசையில் இருந்த தேநீரைச் சுட்டிக்காட்டி இடி மாதிரி சிரித்தார், அதை எடுத்து ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார், மறுபடி பேசினார், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன சார் சொல்றாரு?" என்றாள் அக்கா.

கம்பளி சாரின் முகம் கம்பளியைவிடப் பழுப்பாகிவிட்டது. "நீங்க நல்லா டைப் அடிக்கிறீங்கன்னு சொல்றாரும்மா."

அன்று வீட்டுக்குப் போய் அக்கா தன் கணவரிடம் கேட்டாளாம்: "ஏங்க, ஒரு ஆள் அஞ்சு நிமிஷம் பேசி, சிரிச்சு, அழுது முடிச்சா, அதுக்கு 'நல்லா டைப் அடிக்கிறீங்க'ன்னு மட்டும் அர்த்தம் வருமா?"

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவர். எதையும் ஒளியில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். "வராது" என்றார்.

அடுத்த ஜூனில் அக்கா அதே துறையின் மாலை வகுப்பில் மாணவியாகச் சேர்ந்தாள். வயது முப்பத்தெட்டு. நான் சேர்ந்ததும் அந்த வருஷம்தான். எனக்கு வயது பத்தொன்பது. என் மதிப்பெண்ணைப் பார்த்து வேறு எந்தத் துறையும் துணியவில்லை. மொத்தம் ஏழு பேர். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு ஐந்து வருஷ அனுமதி. ஐந்தாம் வருஷக் கடைசியில் வாய்மொழித் தேர்வு. அதில் உட்காராவிட்டால் ஐந்து வருஷமும் தண்ணீரில் எழுதியதுதான், மறுபடி சேர்க்கமாட்டார்கள்.

ஐந்து மணிவரை டைப்பிஸ்ட், ஐந்தே காலுக்கு மாணவி. எங்களுக்கு நாக்கு திரும்பாத சொற்கள் அவளுக்கு விரலில் இருந்தன. கம்பளி சார் ஒரு சொல்லைக் கேட்டால், அக்கா மேசையின் மீது விரல்களைத் தட்டிப் பார்த்துவிட்டு வாயைத் திறப்பாள். பதினான்கு வருஷமாக அடித்துத் தள்ளிய தாள்கள் ஒவ்வொன்றாக அவளுக்குள் விளக்கேற்றிக்கொண்டு வந்தன. "அடியே, இந்த வார்த்தை எனக்குத் தெரியும்டி. வாரத்துக்கு ரெண்டு தடவை அடிச்சிருக்கேன். 'நதி'யாம்!" என்று, கூட்டத்தில் தொலைந்த உறவுக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி குதிப்பாள்.

வீட்டிலும் பாடம் நடந்தது. ஒருநாள் அவள் கணவரைப் பார்த்து நீளமாக ஏதோ ரஷ்ய மொழியில் சொல்ல, அவர் வில்லையைக் கீழே வைத்தார். "இதப் பாரு, திட்டுறதா இருந்தா தமிழ்லயே திட்டிடு. புரியாமத் திட்டு வாங்குறது எனக்குக் கட்டுப்படி ஆகாது."

"திட்டலைங்க. சாப்பிட வாங்கன்னேன்."

"அதுக்கா இவ்ளோ நீளம்?"

மூன்றாம் வருஷம் ஒரு மதியம், கார்பன் நகல் கோப்பை அக்கா அலமாரியிலிருந்து எடுத்தாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தைக் காப்பியடித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு தாளில் வெகுநேரம் நின்றாள். பிறகு கோப்பை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடி. தூசி."

மறுநாளிலிருந்து சாரின் பதினொரு மணித் தேநீர் மாறிவிட்டது. வாசனையே வராந்தாவரை வந்தது. கம்பளி சார் ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டீத்தூள் கடை மாத்திட்டீங்களாம்மா?" என்றார். "ஆமா சார்" என்றாள் அக்கா. நடந்தது இவ்வளவுதான். இதை மனதில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் வருஷம் வந்தது, தேர்வும் வந்தது.

எங்கள் வாய்மொழித் தேர்வு ரஷ்யப் பல்கலைக்கழக முறை. கம்பளி சார் தான் படித்த இடத்திலிருந்து அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்திருந்தார். மேசையில் முப்பது சீட்டுகள் குப்புறக் கிடக்கும். ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருக்கும் கேள்விக்குக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ரஷ்ய மொழியில் பேச வேண்டும். எந்தச் சீட்டு வரும் என்பது அவரவர் தலையெழுத்து. அந்த முப்பது சீட்டுகளையும் வருஷா வருஷம் அடித்துக் கொடுப்பவள் யார்? வேறு யார்!

நாங்கள் ஆறு பேரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டோம். முன்னால் நின்றது நான்தான், மறைப்பானேன்.

"அக்கா, முழுக் கேள்வி வேண்டாம். ஒவ்வொண்ணுலயும் முதல் வார்த்தை மட்டும்."

"டைப் அடிக்கிறப்போ நான் ரஷ்யன் தெரியாத டைப்பிஸ்ட். க்ளாஸுக்கு வந்தாதான் எனக்கு ரஷ்யன் தெரியும். ஆள மாத்திக் கேக்குறீங்களே!"

சொன்னாளே தவிர, அன்று மாலையே அது பொய்யாகிவிட்டது. இந்த வருஷம் அக்காவும் தேர்வு எழுதுகிறாள் என்பதை மறந்து, எப்போதும்போலக் கம்பளி சார் கேள்விகளை உறையில் போட்டு ஒட்டி, அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எப்போதும்போல அக்காவும் பிரித்தாள். முதல் வரியைப் பார்த்தாள். புரிந்துவிட்டது! பத்தொன்பது வருஷத்தில் முதன்முறையாக, அவளே உட்காரப்போகும் தேர்வின் வினாத்தாள் அவளிடம் பேசிவிட்டது. வெந்நீரைத் தொட்டவள் மாதிரி கையை எடுத்துக்கொண்டாள்.

"வாயத் திறக்காதக்கா, யாருக்கும் தெரியாது" என்று நாங்கள் சொன்னோம்.

"எனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு, உறையைத் தூக்கிக்கொண்டு நேராகத் தேர்வு அதிகாரியிடம் போய்விட்டாள்.

அந்த அதிகாரிக்கு எங்களிடையே பெயர் முத்திரை. எந்தக் காகிதத்தையும் குத்தாமல் விடமாட்டார்; தன் வீட்டுக் காய்கறிப் பட்டியலிலும் குத்துவார் என்று சொல்வார்கள். அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கேள்வியை முன்னால் பார்த்தவர் தேர்வில் உட்காரக் கூடாது. சரி, வேறு யாராவது அடிக்கட்டும் என்றால் அந்த இயந்திரத்தைத் தொடத் தெரிந்தவர் கிடையாது. கையால் எழுதலாம் என்றால் அதற்கும் விதி இருந்தது: சீட்டில் கையெழுத்து கூடாது.

"நானே அடிக்கிறேன், புதுக் கேள்வியா போடுறேன்" என்று கம்பளி சார் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் நாலு மணி நேரம் குத்தினார். ஒரு சீட்டு வெளியே வந்தது. அதிலும் பாதி ரிப்பன் மை அவர் கம்பளிச் சட்டையில் இருந்தது. இயந்திரத்தின் மூன்று எழுத்துக்கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பிரித்தெடுக்க அக்காவையே கூப்பிட வேண்டி வந்தது.

முத்திரையின் அறையில் கூட்டம். நாங்கள் கதவோரம் நின்றோம். அக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து வருஷம் அந்த நுனியில் தொங்கியது.

"ரூல்னா ரூல்தாம்மா. முப்பது கேள்வியும் உங்களுக்குத் தெரிஞ்சு போகுது. அப்புறம் ஒரு சீட்டை எடுங்கன்னு எப்படிச் சொல்றது? அர்த்தமே இல்ல."

"ஒண்ணை எடுக்கச் சொல்லாதீங்க சார்" என்றாள் அக்கா.

"பின்ன?"

"முப்பதையும் கேளுங்க."

முத்திரையின் கை காற்றிலேயே நின்றது. விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். ஒரு மாணவரிடம் எல்லாக் கேள்விகளையும் கேட்கக் கூடாது என்று எங்கேயும் போடவில்லை; அப்படி ஒரு பைத்தியம் வந்து நிற்கும் என்று எழுதியவர் நினைத்திருக்கமாட்டார். கம்பளி சார் மெதுவாகக் கேட்டார்: "ஒண்ணுல தடுமாறினாலும் போச்சும்மா. யோசிச்சிட்டீங்களா?"

"தடுமாறினா போகட்டும் சார். கேட்டுட்டுப் போகட்டும்."

டொக்கென்று முத்திரை விழுந்தது. அக்கா திரும்பி வந்து முப்பது சீட்டுகளையும் அடித்தாள், தன் தலைக்குத் தானே முப்பது கல் சுமப்பவள் மாதிரி.

இரண்டு நாள் தேர்வு. நாளுக்குப் பதினைந்து சீட்டு. எங்கள் முறை மூன்றாம் நாள். முதல் நாள் காலை, அக்காவின் கணவரும் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். பயணம் கிளம்பும்முன் வீட்டார் எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவது ரஷ்ய வழக்கம். நாங்களும் வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம்.

"எதுக்கு எல்லாரும் உக்காந்துட்டீங்க? பஸ் வரணுமா?" என்றார் கணவர்.

"பேசக் கூடாதுங்க. ரஷ்யாவுல கிளம்புறதுக்கு முன்னாடி இப்படித்தான்."

"நம்ம வீட்ல நீ கிளம்பணும்னா நான் ஒரு மணி நேரம் இப்படித்தான் உக்காந்திருக்கேன். எனக்கு எதுக்கு ரஷ்யா?"

அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அது நல்லதாயிற்று.

இப்போது முத்திரை செய்த காரியத்தைக் கேளுங்கள். இடைவேளையில் அக்கா எங்களைச் சந்தித்துக் கேள்விகளைச் சொல்லிவிடுவாள் என்று அவருக்குப் பயம். அதனால் நாங்கள் ஆறு பேரும் தன் கண்முன்னாலேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டு, தேர்வறை வாசலில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். தானும் எதிரே நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். எங்கள் தலைக்கு நேர்மேலே, கதவுக்கு மேலிருந்த வென்டிலேட்டர் ஆகாயம்போலத் திறந்திருந்தது. அவருக்கு ரஷ்ய மொழி வெறும் சத்தம். எங்களுக்கு அது முப்பது கேள்வியும் முப்பது விடையும். பிரம்பு இல்லாத குறையாகக் காவல் இருந்து எங்களைப் பாடம் படிக்க வைத்த அந்தப் புண்ணியவானுக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

அக்கா பேசினாள். உறைந்த நதி உடைகிற நாள், வீட்டு நடுவே நிற்கும் பெரிய அடுப்பு, வாழ்த்தப் போனால் பூக்களை ஏன் ஒற்றைப்படையில் எடுத்துப்போக வேண்டும், பெயரோடு அப்பாவின் பெயரை எப்படிச் சேர்த்துக் கூப்பிடுவது, மூன்று நாள் ரயில் பயணத்தில் எதிர் இருக்கைக்காரரோடு எப்படி உறவாகிவிடுவது. முதல் நாள் நாலாவது சீட்டில் ஒருமுறை குரல் நின்றுபோனது. உள்ளே மேசை மீது விரல்கள் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொல் வந்தது. அன்று அவள் வழக்கத்தைவிட உரக்கப் பேசினாள். "வெளியிலேர்ந்து வந்த எக்ஸாமினர் அம்மாவுக்கு வலது காது கொஞ்சம் மந்தம்டி" என்று பின்னால் சொன்னாள். அந்த அம்மாவின் வலது காதைப் பற்றி நான் வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை.

மூன்றாம் நாள் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அதற்கு இடம் இருக்காது. எனக்கு வந்தது பதினொன்றாம் சீட்டு: காட்டில் காளான் பறிக்கப் போவது. அக்கா சொன்னதை ஒரு சொல் குறையாமல் ஒப்பித்தேன். "என் கணவருக்குக் காளானைப் பார்த்தாலே பயம், ஆனாலும் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார்" என்று முடித்தேன்.

எக்ஸாமினர் அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லீங்க மேடம். ஆனா வர்றவரு அப்படித்தான் இருப்பாரு."

கம்பளி சார் சட்டைக் கழுத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டு இருமினார். நான் தேறினேன். அதற்குப் பிறகு என் வயிற்றுப்பாடு நாற்பது வருஷம் அந்த மொழியிலேயே நடந்தது. பிற்பாடு ஒருவர் வந்தார். காளான் என்றால் அவருக்குப் பயம்தான்.

இரண்டாம் நாள் மதியத்துக்குத் திரும்பி வாருங்கள். இருபத்தொன்பது சீட்டு முடிந்துவிட்டது. அக்காவின் குரல் தேய்ந்துபோயிருந்தது. பெஞ்சில் எங்களோடு அவள் கணவரும் உட்கார்ந்திருந்தார். புரியாவிட்டாலும், ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு விரலை மடக்கி, பத்தானதும் விரித்து, மறுபடி மடக்கிக்கொண்டே வந்திருந்தார்.

முப்பதாவது: நீங்கள் படித்த ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

உள்ளே விரல் தட்டும் ஓசைகூட இல்லை. இருபத்தொன்பதைத் தாண்டிவந்து, இவ்வளவு லேசான கேள்வியிலா?

"நான் படிப்பதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே அந்தக் கடிதத்தை அடித்துவிட்டேன்" என்று ஆரம்பித்தாள் அக்கா. ஒரு ஆசிரியர் தன் அறைத்தோழருக்கு எழுதியது என்றாள். அதை மனப்பாடமாகச் சொன்னாள்.

"இதைத் தட்டச்சு செய்கிற அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியாது, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். இவர் போடும் தேநீர், உங்கள் ஊர் நதியில் பனி உருகும்போது ஓடுமே கலங்கல், அதைப் போல இருக்கும். ஆனாலும் தினமும் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறேன். போன மாதம் எங்கள் துறையை மூட உத்தரவு வந்தது. நாற்பது பக்கத்தில் விளக்கம் கேட்டார்கள், ஒரே நாள் தவணை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். இந்த அம்மா என் கையிலிருந்த குறிப்புகளை வாங்கிக்கொண்டு போய், பக்கத்துத் துறையின் ஆங்கிலத் தட்டச்சுப்பொறியில் விரல் நுனி வீங்கும்வரை அடித்துக் கொண்டுவந்து வைத்தார். துறை பிழைத்தது. நான் நன்றி சொல்லவில்லை. எங்கள் மொழியில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் உங்கள் மொழியில், அவர் கையாலேயே அடிக்கவைத்து, உங்களிடம் சொல்லிக்கொள்கிறேன்."

உள்ளே நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. கம்பளி சாராகத்தான் இருக்கும். பெஞ்சில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தூசி என்று சொன்னாளே, அந்த மதியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. தாடிக்காரர் அவள் கைகளைப் பிடித்து அழுததும்தான்.

"என்னம்மா, அழுற மாதிரி பேசுறாளா?" என்று கணவர் என் காதில் கேட்டார்.

"இல்ல மாமா. நல்லபடியாத்தான் பேசுறாங்க."

எக்ஸாமினர் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு ரஷ்ய மொழியில் கேட்டார்: "அந்தக் கடிதம் எழுதியவருக்கு நீங்கள் என்ன பதில் எழுதுவீர்கள்?"

"எழுதிவிட்டேன்" என்றாள் அக்கா. "மூன்று வருஷமாக. தினமும் காலை பதினொரு மணிக்கு அவர் மேசையில் வைக்கிறேன்."

கணவர் முப்பதாவது விரலை மடக்கினார்.

அக்கா தேறினாள். மறுநாள் காலை வழக்கம்போலத் தன் மேசைக்கு வந்து, இயந்திரத்தின் உறையை எடுத்தாள். அருகில் காகிதத் தட்டில் கம்பளி சார் அந்த மாதக் கடிதத்தை வைத்திருந்தார். ரஷ்ய மொழியில்தான் இருந்தது. தலைப்பகுதியில் மட்டும், யாராலும் படிக்க முடியாத அவர் கையெழுத்தில், தமிழில் ஒரு வரி: "இதை அடிப்பவருக்கு: ரொம்ப நன்றிம்மா. டீ நல்லா இருக்கு."

அக்கா படித்தாள். அந்த வரியையும் சேர்த்து அடிக்க அந்த இயந்திரத்தில் தமிழ் எழுத்து இல்லை. தாளின் அந்தத் துண்டை மட்டும் மடிப்பு வைத்துக் கிழித்தெடுத்து, கோப்பில் கார்பன் நகல்களோடு குத்தி வைத்துவிட்டு, மிச்சத்தை அடிக்க ஆரம்பித்தாள். கீழ்மாடியில் டம்ளர்கள் நடக்கத் தொடங்கின.